பூஜையில் வைத்த வண்டி

பேட்டரி ஆசிட் நூல் துணியில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. கறைகூடத் தெரியாது. துவைத்துக் கொடியில் காயப்போட்டு மறுபடி எடுத்துக் கட்டும்போதுதான் மிளகு மிளகாக ஓட்டை விழுந்திருப்பது கண்ணில் படும். எழுபதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஓட்டை இல்லாத நூல் புடவை ஒன்றுகூடக் கிடையாது. தியாகராய நகரில் நாலு பேருக்குத் தெரிந்த பாத்திரக்கடைக்காரரின் மனைவி நான். ஒரு வளைகாப்பு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முந்தானையை விரித்துப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிருக்கு போல" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் ஒரு வண்டியின் சீட்டுக்கு அடியில் குனிந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்வதைவிட, வீட்டில் எலி இருக்கிறது என்று சொல்வது கௌரவமாகப் பட்டது.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் மாமனார் பட்டணத்துக்கு வந்து ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை போட்டார். அவர் காலமான பிறகு கடையை என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டார்கள் என்றால், என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்காருவார், தம்பி எதிரில் நிற்பார். எங்கள் ஆட்களிடம் இந்த உட்காருவதும் நிற்பதும் லேசுப்பட்ட விஷயம் இல்லை. பெண்களுக்கு இரண்டுமே கிடையாது. புதுக் குடம் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புவோம், பையன் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்தக் கடையை எதிர் நடைபாதையிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு ஏலம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நகரத்துக் கிளப் ஒன்றில் பழைய சமையல் பாத்திரங்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அண்டா, தாம்பாளம், பித்தளைக் கொப்பரை எல்லாவற்றோடும் சேர்த்து, ஓடாமல் கிடந்த ஒரு வண்டியையும் தலையில் கட்டிவிட்டார்கள். கோல்ஃப் மைதானத்தில் பந்தை அடித்துவிட்டு அது விழுந்த இடம் வரைக்கும் நடக்கச் சோம்பல்படுகிற பெரிய மனிதர்கள் உட்கார்ந்து போகிற வண்டி. மேலே ஒரு தகரக் கூரை, பக்கங்களில் கதவு கிடையாது, இரண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒரு நீள சீட்டு, அந்தச் சீட்டுக்கு அடியில் வரிசையாக பேட்டரிகள். ஊர் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனதாம். பேட்டரியில் இருக்கும் ஈயத்தை எடுத்து விற்கலாம் என்பது இவருடைய கணக்கு. மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டோடு இருந்த ஷெட்டில் போட்டார். அதன்மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். நம் வீட்டுக் குப்பையை வெளியே தள்ளுவதற்குப் பதில் கிளப் குப்பையை உள்ளே கொண்டுவந்துவிட்டாரே என்று அப்போதே எனக்கு ஆத்திரம்.

அடுத்த கோடையில் கடைப் பரணில் அடுக்கியிருந்த அண்டாவை எடுக்க ஏணியில் ஏறியவர் கீழே விழுந்தார். வலது இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து எழுந்தபோது இடுப்பு மடங்கவில்லை. கோலை ஊன்றி நாலு எட்டு வைப்பார், அதற்குமேல் முடியாது. டாக்சியில் குனிந்து ஏற முடியவில்லை. ரிக்‌ஷாப் படி உயரம், காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. வீட்டிலிருந்து கடை கூப்பிடு தூரம்தான். பனகல் பூங்காவைத் தாண்டி உஸ்மான் ரோட்டில் கொஞ்சம் போனால் தெரு வந்துவிடும். அந்தத் தூரம் அவருக்குக் கன்னியாகுமரியாகிவிட்டது.

அவர் படுத்திருந்த நாட்களில் தம்பி கல்லாவில் உட்கார்ந்தார். வேறு யார் உட்காருவது, அதில் தப்பில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்து, "அண்ணே, நீங்க ஒண்ணும் கவலப்படாதிய. கடை நல்லாப் போவுது. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பார். அவர் ஒவ்வொரு தடவை 'நல்லா' என்று சொல்லும்போதும் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்ப்பார். தம்பி போன பிறகு என்னிடம், "இன்னும் ஆறு மாசம் இப்பிடிக் கெடந்தேன்னா, அந்த எடம் அவனுக்கு ஆயிரும். நான் போயி அவனை எந்திரின்னு சொல்ல முடியாது, பாத்துக்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஷெட்டில் கிடந்த வண்டியை நினைத்தார். தரையோடு ஒட்டிய அடித்தட்டு. கதவு இல்லாததால் குனிய வேண்டாம். பின்னாலேயே போய்ச் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டே போகலாம்.

மவுண்ட் ரோட்டுப் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருந்த ஒருவரை வரவழைத்தார். அவர் செத்துப்போன பேட்டரிகளை மட்டும் கழற்றிவிட்டு வேறு மாட்டினார். பெட்டி மாதிரி இருந்த சார்ஜரைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்தார். வாய் ஓயாமல் தன் பெருமையைப் பேசுகிற ஆள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தபோது என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, நல்லா கேட்டுக்க. இது நின்னுகினு கீதா, கெளம்பப் போவுதான்னு காதால தெரியாது. சத்தமே வராது. அதனால எறங்கும்போது சாவியப் புடுங்கிடு. சார்ஜ் ஏறும்போது கேஸ் வரும். ஷெட்டு கதவு தொறந்தே இர்க்கணும். பீடி, வெளக்கு, கற்பூரம் ஒண்ணும் கிட்ட வரக்கூடாது. இருட்டா கீதேன்னு வெளக்க வச்சிக்கினு மூடியத் தொறந்து பாத்தேன்னு வையி, மூஞ்சி மிஞ்சாது."

"எங்கிட்ட ஏன் சொல்லுதிய? அவுககிட்ட சொல்லுங்க" என்றேன்.

"யாருகிட்ட சொன்னா இன்னா? கொழாத் தண்ணி ஊத்தினா பேட்டரி பூடும். டிஸ்டில் வாட்டர்தான். அதுவும் சார்ஜ் ஏறி முடிஞ்சப்புறம் ஊத்து. முன்னாடியே ரொப்பினா பொங்கி வழிஞ்சி எல்லாத்தையும் அரிச்சிடும். எவ்ளோ கொஞ்சமா ஓட்டினாலும் சாயங்காலம் வந்ததும் சொருகிடு. காலியாவற வரைக்கும் இழுத்துக்கினு போனா நடுரோட்ல பேஜாராப் பூடும்."

அவர் போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார் என் வீட்டுக்காரர். வண்டியின் மிதி வலது காலுக்கு. அவருக்கு அந்தக் கால்தான் போய்விட்டது. ஓட்டுவதற்குக் கடையிலிருந்து ஒரு ஆளை அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறார். "ஆளே இல்லண்ணே, சீசன் நேரம்" என்று பதில் வந்திருக்கிறது.

"ஏட்டி, நீதான் ஓட்டணும்" என்றார்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வேலைக்காரி மாதிரி பேட்டரி கழுவச் சொன்னாலும் கழுவிவிடுவேன். நடுத்தெருவில், நாலு ஆண்பிள்ளைகள் பார்க்க, புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பதா? சோடா வண்டிபோல ஒரு வண்டியில்? என் பிறந்த வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? இதையெல்லாம் கேட்டேன். "கடை போயிட்டா அவுக என்ன நெனப்பாக?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினேன். ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாவியைத் திருப்பி, முன்னாலா பின்னாலா என்று குமிழைத் தள்ளி, மிதித்தால் போகும், காலை எடுத்தால் தளர்ந்து நிற்கும். ஹாரன் வேலை செய்யாததால் சைக்கிள் மணி ஒன்றைக் கட்டினோம். முதல் நாள் பனகல் பூங்காவைச் சுற்றிப் போகும்போது பூங்கா வாசலில் கடலை விற்றவன் கடலையை அப்படியே விட்டுவிட்டு எங்களோடு நடந்தே வந்தான். வண்டியின் வேகம் அவன் நடைக்குச் சரியாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், "பொம்ம காரு! பொம்ம காரு!" என்று பின்னால் வந்தார்கள். நான் முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, தலையை நன்றாகக் குனிந்துகொண்டு ஓட்டினேன்.

"ரோட்டப் பாருட்டி! மோதப் போவுது!" என்று அவர் கத்தினார்.

ரோட்டைத்தான் பார்த்தேன். ரோட்டில் நடக்கிற கால்களை மட்டும் பார்த்தேன். போகப் போக அதுவே பழக்கமாகிவிட்டது. வெடிப்பு விழுந்த கால், மெட்டி போட்ட கால், டயர் செருப்பு, பூட்ஸ். பூட்ஸ் வந்தால் போலீஸ் என்று மணியடிக்காமல் நிறுத்திவிடுவேன். அப்படித்தான் ஒரு கான்ஸ்டபிள் உஸ்மான் ரோட்டில் பிடித்தார். லைசென்ஸ் கேட்டார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, இஞ்சினைக் காணாமல் திகைத்தார். "இன்னா வண்டி இது? காரா, சைக்கிளா?" என்றார். என் வீட்டுக்காரர் கை கூப்பி, "ஊனமுற்றவன் வண்டிங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கான்ஸ்டபிள் ஒரு சல்யூட் மாதிரி ஏதோ செய்துவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவரோ போகிற வழியெல்லாம் தெரிந்தவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார், சாமி ஊர்வலம் போவதுபோல.

"உங்களுக்குக் கொஞ்சங்கூட வெக்கமே இல்லியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இருக்கு. அதுக்காவ வீட்டுல கெடந்தா கல்லாவுல யாரு உக்காருவா?" என்றார்.

கடை வாசலில் அவரை இறக்கியதும், இரண்டு பையன்கள் வந்து தோள் கொடுத்துப் படியேற்றுவார்கள். தம்பி கல்லாவிலிருந்து எழுந்து நிற்பார். எழுந்து நிற்பதற்கு முன்னால் சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வார். அது முடியும்வரை என் வீட்டுக்காரர் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. வந்ததும் சார்ஜரைச் சொருக வேண்டும். பழைய பேட்டரி எதுவோ ஒன்று அளவுக்குமேல் சூடாகி, அழுகின முட்டை வாடை கிளம்பும். பக்கத்து வீட்டு மாமி மதில்மேல் எட்டிப் பார்த்து, "புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா உங்காத்துல முட்டை பண்ணிண்டிருக்கேளா? கூடம் வரைக்கும் வாடை வரதே" என்பார். நாங்கள் புரட்டாசியில் கவுச்சி தொடுவதே இல்லை. இது பேட்டரி வாடை மாமி என்றால் நம்பவில்லை. மூடியைத் திறந்து காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏன் இப்படிக் கஷ்டப்படறேள்?" என்று பரிதாபமாகக் கேட்டார். முட்டை என்றே நினைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

சாவியைப் பிடுங்க மறந்தது ஒரே ஒருநாள். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, அவர் கோலைத் தேடி எடுத்துக் கொடுக்க நான் இறங்கினேன். அவர் கோலை வாங்கி ஊன்றினார். ஊன்றியது மிதியின் மேல். சத்தமே இல்லாமல் வண்டி அவரையும் வைத்துக்கொண்டு முன்னால் போய், வாசலில் கோபுரமாக அடுக்கியிருந்த பித்தளைக் குடங்களில் முட்டியது. வண்டிக்குச் சத்தம் இல்லாத குறையைக் குடங்கள் தீர்த்துவைத்தன. தெரு முழுக்க உருண்டன. ஜவுளிக்கடை, பூக்கடை, வளையல்கடை எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் வந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். வாங்கி வாங்கி வைத்தேன், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கொழுந்தனார் மட்டும் குடம் பொறுக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மதினி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய. நம்ம வீட்டுப் பொம்பள இப்பிடித் தெருவுல வந்து நிக்கது நல்லாவா இருக்கு? அண்ணன வீட்டுலயே வச்சுக்கிடுங்க. ஆயுத பூசைக்கி நானே தட்டு எடுத்துக்கிடுதேன்" என்றார். குரலில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. எங்கள் கடையில் ஆயுத பூஜை அன்றைக்கு யார் கற்பூரத் தட்டை எடுத்துக் கல்லாவுக்குக் காட்டுகிறாரோ, அவர்தான் முதலாளி என்று தெருவுக்கு அர்த்தம். மாமனார் கையிலிருந்து அந்தத் தட்டு என் வீட்டுக்காரர் கைக்கு வந்த வருஷம் ஊரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து இதைச் சொன்னதும் அவர், "பூசைக்கி நான் போவணும். தவந்துகிட்டாவது போவணும்" என்றார்.

பூஜைக்கு முந்தின நாள் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வழக்கமான நடை போதாதென்று பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று, மாலை என்று வண்டியிலேயே போய் எல்லாவற்றையும் தானே பார்த்து வாங்கினார். இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தோம். நான் வீட்டைக் கழுவி, பூஜைக்கு எடுத்துவைத்தேன். அரிவாள்மணை, தையல் மிஷின், கத்தரிக்கோல், பள்ளிக்கூடம் போகிற எங்கள் பிள்ளைகளின் புத்தகங்கள். கடைசியில் சார்ஜரையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தையல் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டேன். தினமும் உழைத்த சாமான்தானே அதுவும்.

எங்கள் வீட்டு வழக்கம், பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் அதில் ஒரு வேலையாவது செய்துவிட வேண்டும். அதுவரை அது ஓய்வெடுக்கிறது, தொடக் கூடாது. வண்டிக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் அதற்குப் பூஜை கடை வாசலில். சார்ஜருக்கு விலக்கு உண்டா இல்லையா என்று எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது? படுக்கப் போகுமுன் அவர், "சார்ஜ் போட்டியா?" என்று கேட்டார். "அது பூசையில இருக்கே" என்றேன். "ஆமாமா, எடுக்காத. நாளைக்கி ஒரு நடைதானே" என்றார். அப்படித்தான் இரண்டு பேரும் பக்தியோடு தூங்கினோம்.

மறுநாள் சாயங்காலம் அவர் பட்டுக்கரை வேட்டி, ஜரிகைத் துண்டு. நான் மடியில் மாலையும் வெற்றிலையும். உஸ்மான் ரோட்டில் திரும்பும்போதே வண்டி தளர்ந்தது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் ஊர்ந்தது. ரங்கநாதன் தெரு முனையில், இந்தப் பக்கம் வாழைக்கன்று விற்கிறவர்களும் அந்தப் பக்கம் பொரி மூட்டைகளும் இருக்க, நட்டநடுவில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினேன். குமிழை முன்னும் பின்னும் தள்ளினேன். ஒன்றுமே இல்லை.

"நல்ல நேரம் முடியப் போவுது" என்றார் அவர். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கடை அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது. சீரியல் விளக்கு போட்டிருந்தார்கள்.

இறங்கினேன். மடியிலிருந்ததை சீட்டில் வைத்தேன். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, பின்னால் போய்த் தள்ளினேன். அவர் பக்கவாட்டில் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. தெருவே வழிவிட்டது. அந்தத் தெரு யாருக்கும் வழிவிட்டு நான் பார்த்ததில்லை, எங்களுக்கு விட்டது. "இன்னாம்மா, பெட்ரோல் தீந்துபூட்ச்சா?" என்று ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள், அவர்கள் இன்னும் மோசம், "த்சோ, த்சோ" என்றார்கள். பூக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, "தள்ளு நைனா, வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறியே" என்று ஒருவனை அதட்டி, தானும் ஒரு பக்கம் கை கொடுத்தாள். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. வாயில் உப்புக் கரித்தது.

கடை வாசலுக்கு வந்தபோது கல்லாவுக்குப் பூஜை முடிந்திருந்தது. தராசு, படிக்கற்கள், இரும்புப் பெட்டி எல்லாவற்றிலும் புதுச் சந்தனம். கொழுந்தனார் கையில் தட்டோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். அடுத்து வண்டிகளுக்குக் காட்ட வேண்டும். சரக்குக் கொண்டுபோகிற மூன்று சக்கர சைக்கிளுக்குக் காட்டினார். என் வீட்டுக்காரர் கோலைத் தேடினார், எழுந்திருக்கப் பார்த்தார்.

"வேண்டாம்ணே, எறங்காதிய. கூட்டமா இருக்கு. நானே அங்க கொண்டாரேன்" என்றார் தம்பி. அன்பாகத்தான் சொன்னார்.

வண்டியின் முன்பக்கத்தில் சந்தனம் வைத்தார். ஸ்டியரிங்கில் குங்குமம் வைத்தார். கம்பியில் மாலை போட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு குங்குமம் தோய்ந்த அதே விரலை நீட்டி அண்ணன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். வண்டியோடு சேர்த்து, உள்ளே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து, மூன்று சுற்று கற்பூரம் காட்டினார். மணி அடித்தது. தெருவில் நின்றவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். தட்டு என்னிடம் வந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிக்கொண்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

கடைப் பையன்கள் வீடுவரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றிக் குங்குமத்தைத் துடைக்கவில்லை. நான் தூணோரம் நின்றேன்.

"நானும் கும்பிட்டுட்டேன்" என்றேன். "கை தானாப் போயிருச்சு."

"பாத்தேன்" என்றார். கோலைச் சாய்த்து வைத்துவிட்டு, "தட்டு எங்கிட்ட வந்ததும் நானுந்தான் ஒத்திக்கிட்டேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுப்பு உடைந்து கிடந்தபோதுகூட அழாத மனுஷன்.

அடுப்படிக்குப் போக இருந்தவளைக் கூப்பிட்டார். "ஏட்டி, பூசையில வச்சத நாளைக்கி காலையில எடுத்து வேல செய்யணும்லா?"

"ஆமா."

"அப்ப சார்ஜ் ஏறணும்லா? அந்தப் பெட்டிய எடு."

எடுத்தேன். சாமி குற்றம் வந்தால் வரட்டும் என்று சந்தனம் குங்குமத்தோடேயே கொண்டுபோய்ச் சொருகினேன்.

விஜயதசமி காலையில் தெருவில் உடைந்த பூசணிக்காய்கள் சிவந்து கிடந்தன. நல்ல நேரத்தில் கடை திறப்பதற்காக எல்லாக் கடைக்காரர்களும் சீக்கிரமே வந்திருந்தார்கள். அத்தனையும் ஆண்பிள்ளைகள். நாங்கள் எங்கள் கடை வாசலில், மூடிய ஷட்டருக்கு எதிரில் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். கொழுந்தனார் சாவியோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்னண்ணே, இவ்வளவு வெள்ளன?"

"சாவியக் குடு" என்று என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

கொழுந்தனார் தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பூட்டு கீழல்லா இருக்கு. உங்களால குனிய முடியாதே" என்றார். அது பொய் இல்லை. ஷட்டர் பூட்டு தரையோடு தரையாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சாவியை என் மடியில் வைத்தார். "நீ தொற."

"வேண்டாங்க. உங்க தம்பிகிட்டயே குடுங்க" என்றேன். கெஞ்சினேன்.

"அவன் தொறந்தா அது அவன் கடை. தொறட்டி" என்றார்.

வண்டிச் சாவியைப் பிடுங்கினேன். இறங்கிப் போய், ஈரத் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். பூட்டுக்கும் முந்தின நாள் சந்தனம் அப்பியிருந்தார்கள், சாவித் துவாரம் அடைத்துக் காய்ந்திருந்தது. கொண்டை ஊசியை எடுத்துக் குடைந்தேன். கால்கள் சுற்றி நின்றது தெரிந்தது, இந்தத் தடவை யாருடைய கால் என்றுகூடப் பார்க்கவில்லை. என் முதுகில் எத்தனை கண்கள் இருக்கும் என்று நினைத்ததில் சாவி இரண்டு தடவை கைதவறி விழுந்தது. மூன்றாவது தடவை பூட்டு திறந்தது. ஷட்டரைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. கொழுந்தனார் வந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கினார். அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் பையன்கள் தோளைப் பிடித்துப் படியேறினார். கல்லாவில் போய் உட்கார்ந்தார். கொழுந்தனார் எதிரில் போய் நின்றார். நான் முழங்காலில் அப்பியிருந்த பூசணிக்காய்க் குங்குமத்தோடு வாசலில் நின்றேன். திரும்பினால் தெரு முழுக்கப் பார்க்கும். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் உள்ளே காலை வைத்தேன்.

"படி இருக்கு, பாத்து வா" என்றார் அவர்.